மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குளிர்காலம்

எங்கள் ஊரில் கணவனுக்கு அறுபது வயது நிறையும் அன்று கணவனும் மனைவியும் கல்லாகிவிடுவார்கள். மனைவியின் வயதை யாரும் கேட்பதில்லை. என் மனைவி துளசிமணிக்கு ஐம்பத்து நான்குதான். ஆனால் பத்திரிகை அடித்தாகிவிட்டது.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மாலை மாற்றிக்கொண்டு, மணைமேல் ஏறி நிற்க வேண்டும். தெருவே குடங்களோடு வந்து தலையில் தண்ணீர் ஊற்றும். கடைசிக் குடம் காலியாகும்போது நாம் கல்லாகியிருப்போம். பந்தி அதற்குப் பிறகுதான் நடக்கும். பாயசம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிய வாய்ப்பில்லை. அது ஒன்றுதான் குறை.

யார் என்ன கல் ஆவார்கள் என்பதைக் குணத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தையல்காரர் நடேசன் வெள்ளந்தியான மனிதர். மனதில் ஒன்று, வாயில் ஒன்று என்று அவருக்குக் கிடையாது. அவர் சிலேட்டுக்கல் ஆனார். ஏடு ஏடாகப் பிரிந்து வந்தார். ஒவ்வொரு ஏட்டிலும் வீட்டுக்காரர்கள் ஒரு கோலம் போட்டுச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறார்கள். ஜவுளிக்கடை சுகந்தியம்மா பளபளவென்று சலவைக்கல் ஆனார். ஊரே மூக்கில் விரல் வைத்தது. ஒரு வருஷத்தில் மேலெல்லாம் சொரசொரப்பாகி, தொட்டால் சர்க்கரையாகக் கையில் ஒட்டினார்.

எங்கள் ஊருக்குக் குளிர்காலம் தினமும் வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, சாயங்காலக் காபிக்குள் போய்விடும். நகராட்சிக் குழாயில் வருகிறது. தெருவெல்லாம் வெள்ளையாகப் பனி பிடிக்கும். நாங்கள் குரங்கு குல்லா போட்டுக்கொண்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவோம். எழுந்து பார்த்தால் வெயில் சுள்ளென்று அடிக்கும். இதைவிட நல்ல ஏற்பாடு வேறு ஊரில் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

கற்கள் மட்டும் வெளியே நிற்கும்.

கல்லைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்களால் சும்மா போக முடியாது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் மஞ்சளைத் தடவிவிட்டுத்தான் நகர்வார்கள். பிரியமான கல் என்றால் குடம் கூடும். ஒரு கல்லில் கீறல் தெரிந்தால், ஐயோ பாவம், தாகத்தில் வெடிக்கிறது என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றுவார்கள். உடைந்தே போனால் துண்டுக்கு ஒரு குடம். நானும் அப்படித்தான் ஊற்றினேன். நடேசனுக்கு நான் ஊற்றிய தண்ணீரில் ஒரு வயலே விளைந்திருக்கும்.

நான் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். பெயர் நாச்சிமுத்து. எங்கள் ஊரில் தொட்டி ஆபரேட்டரைவிட வேண்டப்பட்டவன் இருக்க முடியாது. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் நான் கேட்காமலே வால்வைத் திறந்துவிடுவேன். துளசிமணி எனக்கு ஒரு படி மேல். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மிளகு ரசத்தோடு போய் நிற்பாள். காய்ச்சல் இல்லாதவர்களும் அந்த ரசத்துக்காக இருமுவார்கள்.

என் அறுபதுக்குக் கொஞ்ச நாள் முன்னால் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் வந்தது. பஸ்ஸுக்குள் இன்னொரு பஸ் ஸ்டாண்ட் இருந்ததால் நான் ஏறவில்லை. சும்மா நின்றபோது பக்கத்தில் ரங்கப்பனைப் பார்த்தேன்.

ரங்கப்பன் கல்லாகிப் பல வருஷம் ஆகிறது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மைக்கைப் பிடுங்கி, சாம்பாரில் உப்பு தூக்கல் என்று அறிவிப்பவர். அவரை யாருக்கும் பிடிக்காது. அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு முதல் நாளே அவர் மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டார். தண்ணீர் ஊற்ற ஆள் வராமல் அவரே ஒரு சொம்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கல்லானார். அதுவும் சுண்ணாம்புக்கல், கல்லிலேயே சவலை. நகத்தால் சுரண்டினால் மாவு வரும்.

அவர் முழுசாக இருந்தார். மீசை இருந்தது. மூக்கு இருந்தது. எங்கள் ஊர்க் கற்களில் மூக்குத்தான் முதலில் போகும். பஸ் ஸ்டாண்ட் கூரைக்கு அடியில், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், உப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்த அதே முகத்தோடு நின்றார்.

நான் வீட்டுக்கு வந்து துளசிமணியிடம் சொன்னேன்.

"தண்ணி ஊத்துனாத்தான் கல்லு ஒடையுது, துளசி."

"ஆரு சொன்னா?"

"ரங்கப்பன் மூக்கு."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"நம்மள ஊருக்கே புடிக்குமேங்க," என்றாள்.

"அதத்தான் சொல்லறேன்."

"அப்ப நம்ம என்ன கல்லுன்னு மொதல்ல பார்த்துக்கலாமுங்க," என்றாள். அவள் எப்போதும் இப்படித்தான். பதறுவதற்கு முன்னால் விவரம் கேட்பாள்.

கல் தரம் பார்க்கும் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ஒரு நடைகூடம் உண்டு. நடக்கிறவரின் வயதுக்குத் தகுந்தபடி அது நீளும். என் பக்கம் நீளமாகவும் துளசிமணியின் பக்கம் குட்டையாகவும் இருந்தது. அவள் போய்ச் சேர்ந்து, எனக்காக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த அம்மாளின் முழங்கால் வலிக்கு வைத்தியம் சொல்லி முடித்துவிட்டாள். நான் வந்தபோது அந்த அம்மாள் அவளைத் தன் தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு குடம் கூடிவிட்டது.

அதிகாரியின் பெயர் சகாயமேரி. மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் இருந்தது.

"கல்லான அப்பறம்தான் வரோணும்," என்றார்.

"முன்னாடியே தெரிஞ்சா நல்லா இருக்குமுங்க."

"தெரிஞ்சு என்ன பண்ணுவீங்க?"

"பயப்படலாமுங்க."

அது நியாயம்தான் என்று அவர் ஒத்துக்கொண்டார். விரலை டம்ளரில் நனைத்து என் முன்கையில் ஒரு சொட்டு வைத்தார். சொட்டு உருண்டு கீழே விழுந்தது. இன்னொன்று வைத்தார். அதுவும் உருண்டது.

"கருங்கல்," என்றார். "எதையும் உள்ள விடாது. மேல ஊத்துனா மேலயே போயிரும். நீங்க ஆயிரம் வருசம் நிக்கலாம்."

நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெருமை யாரை விட்டது.

பிறகு துளசிமணியின் கையில் ஒரு சொட்டு வைத்தார். சொட்டைக் காணோம். மறுபடி வைத்தார். மறுபடி காணோம். அவர் டம்ளரை அப்படியே சாய்த்தார். அத்தனை தண்ணீரும் முழங்கைக்குள் போய்விட்டது. துளசிமணி கூச்சத்தோடு சிரித்தாள். சகாயமேரி குனிந்து, நாக்கு நுனியால் அவள் முழங்கையைத் தொட்டார். நாக்கு ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுக்கச் சிரமப்பட்டார்.

"மணற்கல்," என்றார். "ஒடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. குடிச்சிட்டே இருக்கும்."

"குடிச்சா என்னங்க?" என்று துளசிமணி கேட்டாள்.

"மத்தியானம் குளிருமில்ல? உள்ள இருக்கற தண்ணி பனிக்கட்டியாகி, எடம் பத்தாம நெட்டும். காபி நேரத்துக்கு உருகும். நாளைக்கு மறுபடி நெட்டும். ஒரு நாளைக்கு ஒரு பிடி மணல்னு வெச்சுக்குங்க."

"எவ்வளவு காலம் தாங்குமுங்க?" என்றேன்.

"தண்ணி ஊத்த ஆளு வருவாங்களா?"

"ஊரே வருமுங்க."

"அவ்வளவு பிரியமா?"

"ஆமாங்க."

"அப்ப கொஞ்சக் காலந்தான்," என்றார் சகாயமேரி. "அதுக்கப்பறம் உங்க பக்கத்துல ஒரு மணல் மேடு இருக்கும். நல்ல மணல். பூச்சு வேலைக்கு ஆகும்."

துளசிமணி தலையை ஆட்டினாள். "மணல்னா கொழந்தைக வெளையாடுமுங்க," என்றாள். அவளுக்கு அதில் ஒரு திருப்தி தெரிந்தது.

எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஆயிரம் வருஷம் நான் நிற்பேன். பக்கத்தில் ஒரு மணல் மேட்டைப் பார்த்துக்கொண்டு. அதையும் யாராவது கூடையில் அள்ளிப் போய்ச் சுவருக்குப் பூசுவார்கள். பிறகு எந்தச் சுவர் என்றுகூட எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது நடைகூடம் மிச்சமிருந்த நாளுக்குத் தகுந்தபடி ஒரே எட்டில் முடிந்துவிட்டது.

அடுத்து, ஊருக்குக் குளிரைத் திறந்துவிடும் அறைக்குப் போனேன். அதன் ஆபரேட்டர் பெயர் பெரியண்ணன். அவனும் நானும் சேக்காளிகள். என் தொட்டிக்குப் பக்கத்துக் கட்டடத்தில்தான் குளிரின் வால்வு இருக்கிறது. அவன் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தான். மூலையில் போன வருஷத்துக் குளிர்காலம் சாக்கில் கட்டிக் கிடந்தது.

"பெரியண்ணா, குளிர நிறுத்திரு," என்றேன்.

"நிறுத்துனா மத்தியானம் ஆரு தூங்குவா?"

"அப்ப நிறுத்தாத. காபிக்கு அப்பறமும் மூடாம, எப்பவும் விட்டுட்டே இரு."

அவன் கடலையை மெல்வதை நிறுத்தினான்.

"அது நல்ல யோசனைதான்," என்றான். "குளிரு வந்து ஒரேடியா உக்காந்துக்கிச்சுன்னா ஒரு கல்லும் ஒடையாது. வாரதும் போறதுமா இருக்கறதுனாலதான் ஒடையுது. எங்க மாமியா மாதிரி."

"அப்ப மூடாத."

"மூடலீன்னாலும் வெயிலு வருமே. வெயிலு எங்கிட்ட இல்ல. அது மாடி ஆபீஸ்."

"மாடிக்குப் போயிப் பேசறேன்."

"மாடி இன்னும் கட்டல," என்றான் பெரியண்ணன்.

அவன் எனக்கு ஒரு சோடா பாட்டிலைக் காட்டினான். தண்ணீர் நிரப்பி மூடி, குளிருக்குள் வைத்திருந்தான். பாட்டில் நெடுக வெடித்திருந்தது. உள்ளே பனிக்கட்டி பாட்டில் வடிவில் சமர்த்தாக நின்றது.

"ஒலகத்துல அத்தனையும் குளுந்தா சுருங்குது. இந்தத் தண்ணி மட்டும் கட்டியாவறப்ப ஒடம்பு போடுது," என்றான். "அதுக்கு ஆரும் புத்தி சொல்லறதில்ல."

நான் சொல்லிப் பார்த்தேன். பனிக்கட்டி கேட்கவில்லை.

அன்று கம்பளிக்குள் படுத்தபடி நானும் துளசிமணியும் ஒரு முடிவுக்கு வந்தோம். ஊருக்கு எங்களைப் பிடிக்காமல் போக வேண்டும். அதற்கு மேல் சுலபமான காரியம் உலகத்தில் இல்லை என்று நினைத்தோம். எத்தனையோ பேர் முயற்சியே செய்யாமல் சாதிக்கிறார்கள்.

மறுநாள் நான் தண்ணீர் வால்வை மூடிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். ஊர் திரண்டு வந்தது. எதிர்வீட்டு வசந்தாமணி முன்னால் நின்றாள். நான் எதற்கும் தயாராக இருந்தேன்.

"அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல போல," என்றாள் வசந்தாமணி. "மொகமே வாடியிருக்குது."

"நல்லாத்தான் இருக்கறேன். வேணும்னுதான் மூடுனேன்."

"பாருங்க, நோவக்கூட வெளிய சொல்லமாட்டாரு."

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். கஞ்சி நன்றாக இருந்தது. உப்பு தூக்கல் என்று சொன்னேன். அடுத்த நாள் உப்புக் குறைத்துக் கொண்டு வந்தார்கள்.

துளசிமணி வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டாள். அவளுக்குச் சண்டை போடத் தெரியாது. நான் எழுதிக் கொடுத்து, அவள் மனப்பாடம் செய்துகொண்டு போனாள். "உங்க வாசலக் கூட்டறதே இல்ல, உங்க பையனுக்கு வணக்கம் சொல்லத் தெரியல," என்று வசந்தாமணியைக் கேட்டாள். வசந்தாமணி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் உரிமையோடு நாலு வார்த்தை கேட்டிருக்கிறீர்கள், கூடப்பிறந்தவள் கேட்பதுபோல இருந்தது என்றாள். தெருவில் இருந்த மற்றப் பெண்களுக்குப் பொறாமையாகிவிட்டது. எங்களையும் வந்து திட்டுங்கள் என்று வரிசையாக வந்து கேட்டார்கள்.

கடைசியில் நான் உண்மையையே சொன்னேன். மாரியம்மன் கோயில் மைக்கில், ஊர் முழுக்கக் கேட்கும்படி, எங்கள் தலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊற்றினால் துளசிமணி மணலாகிவிடுவாள் என்று சொன்னேன்.

கூட்டத்தில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

"என்ன அடக்கம்," என்றார் ஒருவர்.

அதற்குப் பிறகு குடங்கள் போதாமல் வெளியூரிலிருந்து வாடகைக்கு எடுத்தார்கள்.

அந்த நாள் வந்தது. துளசிமணி அரக்குச் சேலை கட்டியிருந்தாள். மாலை மாற்றும்போது அவள் கையைப் பிடித்தேன். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. "தலையக் கொஞ்சம் சாய்ச்சுக்க, மேல அவ்வளவா படாது," என்று மட்டும் சொன்னேன். "சாய்ச்சா நல்லாருக்காதுங்க, போட்டோ எடுக்கறாங்க," என்றாள் அவள்.

தண்ணீர் ஊற்றினார்கள். வசந்தாமணி முதல் குடம். சகாயமேரிகூட ஒரு சின்னச் சொம்போடு வந்திருந்தார். துளசிமணியின் கையால் வைத்தியம் பெற்ற அந்த முழங்கால் வலி அம்மாள் இரண்டு குடங்களோடு ஓடியே வந்தார். முழங்கால் குணமாகியிருந்தது.

காலிலிருந்து மேலே கல்லானோம். குளிர்ச்சியாக, சௌகரியமாக இருந்தது. இத்தனை நாள் இருந்த இடுப்பு வலி போய்விட்டது. எங்களைத் தூக்கித் தொட்டிச் சுவருக்குப் பக்கத்தில் அடுத்தடுத்து நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

கல்லானவர்கள் பேசலாம். பெரும்பாலும் பேச விஷயம் இருப்பதில்லை.

"ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா?" என்றாள் துளசிமணி.

"இருக்கறேன். நீ?"

"வயிறு முட்டத் தண்ணி குடிச்சாப்பல இருக்குதுங்க."

சாப்பாடு முடிந்தது. குளிர்காலம் வந்தது. கல்லாக நின்று பார்க்கும்போது அது அழகாகத்தான் இருந்தது. மின்கம்பிகளில் வெள்ளை கோத்தது. பிறகு பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. அரிசி களையும் சத்தம். வெயில் வந்ததும் பார்த்தேன். அவள் காதோரத்திலிருந்து கொஞ்சம் மணல் கீழே கொட்டியிருந்தது.

"வலிச்சுதா?" என்றேன்.

"இல்லீங்க. ஆனா தோடு போட்ட எடம் போயிருச்சுங்க."

என் மேல் ஊற்றிய தண்ணீர் அப்போதே வழிந்து காய்ந்துவிட்டது. நான் எண்ணெய் தேய்த்ததுபோல மின்னிக்கொண்டிருந்தேன். அன்றுபோல என் மேல் எனக்கு எப்போதும் எரிச்சல் வந்ததில்லை.

அடுத்தடுத்த நாட்களிலும் ஊர் வந்தது. நாங்கள் வேண்டாம் என்றோம். கல் வேண்டாம் என்றால் எங்கள் ஊரில் அது பெருந்தன்மை. இன்னொரு குடம் ஊற்றுவார்கள். துளசிமணியின் ஒரு கன்னம் போனது. சேலைக் கரை போனது. அவள் புகார் சொல்லவில்லை. மணலில் ஒரு பூனைக்குட்டி வந்து சுருண்டு படுத்துக்கொண்டதை எனக்கு விவரித்தாள்.

ஒரு நாள் காலை வசந்தாமணி குடத்தைத் துளசிமணியின் தலைக்கு மேல் தூக்கினாள். அது பெரிய குடம். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை அசையவில்லை. கால் அசையவில்லை. வாய்க்கு வந்ததைக் கத்தினேன்.

"எனக்கு ஊத்து!"

வசந்தாமணியின் கை நின்றது. இதுவரை எந்தக் கல்லும் எங்கள் ஊரில் தண்ணீர் கேட்டதில்லை. கல் வேண்டாம் என்றால் பெருந்தன்மை என்று எல்லோருக்கும் தெரியும். கல் வேண்டும் என்றால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் யோசித்தாள். பிறகு குடத்தை அப்படியே திருப்பி என் மேல் கவிழ்த்தாள். கேட்ட கல்லுக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"அத்தனையும் எனக்குத்தான்," என்றேன். "நாளைக்கும். அவளுக்கு ஒரு சொட்டு கூடாது."

"ஏனுங்க இப்பிடிப் பேசறீங்க," என்றாள் துளசிமணி மெதுவாக. "அக்கம்பக்கத்துல என்ன நெனைப்பாங்க."

அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் நான் கத்தினேன். எனக்கு ஊத்து, எனக்கு ஊத்து. முதலில் சிரித்தார்கள். அப்புறம் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஊற்றினார்கள். கட்டினவளுக்கு ஒரு மடக்குக்கூட விடாமல் அத்தனையும் தானே குடிக்கிறான் பார், இத்தனை நாள் இந்த மனுஷனையா நல்லவன் என்று நினைத்தோம் என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கு அது கேட்க இதமாக இருந்தது.

துளசிமணி காய்ந்துகொண்டு வந்தாள். மதியத்தில் அரிசி களையும் சத்தம் குறைந்தது.

தண்ணீர் என் மேல் வழிந்தபோது ஒரு விஷயம் தெரியவந்தது. எனக்குத் தோளிலிருந்து பாதம் வரை ஒரு கோடு இருந்தது. மயிரிழைக் கோடு. சகாயமேரி கையை மட்டும்தான் சோதித்தார். உடம்பில் வேறெங்கும் நுழையாத தண்ணீர் அந்தக் கோட்டுக்குள் நுழைந்தது. கருங்கல் குடிப்பதில்லை. ஆனால் கோடு இருந்தால் கோடு குடிக்கும்.

குளிர்காலம் வந்ததும் அது உள்ளே கட்டியாகித் தள்ளியது. வலிக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ மரியாதையாகக் கதவைத் தள்ளுவதுபோல இருந்தது. வெயில் வந்ததும் உருகிக் கொஞ்சம் கீழே இறங்கியது. அடுத்த நாள் ஊற்றிய தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனது. அடுத்த மதியம் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

"ஏனுங்க, உங்ககிட்ட என்னமோ முனகுது," என்றாள் துளசிமணி.

"ஒண்ணுமில்ல. நெட்டி முறிக்கறேன்."

பெரியண்ணன் ஒரு நாள் வந்தான். அவன் தண்ணீர் கொண்டு வரவில்லை. கடலை கொண்டு வந்திருந்தான். என்னைச் சுற்றி வந்து பார்த்தான். கோட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். விரல் முழுசாகப் போனது.

"இப்பிடியே போனா ரெண்டாயிருவ," என்றான்.

"எந்தப் பக்கம் சாயுவேன்?"

அவன் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"அந்தப்புள்ள பக்கம்," என்றான்.

"அவமேல விழுந்து அடிபடுமா?"

"அந்தப்புள்ளயத் தாண்டி அந்தாண்ட தொட்டிச் சொவுத்துல போயிச் சாஞ்சுக்குவ. நடுவுல லேசாப் படும். அவ்வளவுதான்."

"அப்ப நாளைக்குக் கொஞ்சம் நல்லாக் குளிர உடு," என்றேன்.

அவன் கடலைத் தோலை ஊதிவிட்டு, சரி என்றான்.

மறுநாள் ஊற்றியவர்கள் கோபத்தோடு ஊற்றினார்கள். அதனால் தண்ணீர் நிறையவே விழுந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு குளிர்காலம் வந்தது. பெரியண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. காக்காய்கள் பறந்தபடியே கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றன. எனக்குள் கதவு முழுசாகத் திறந்துகொண்டது. பெரிய சத்தம் ஒன்று கேட்டது. அதைக் கேட்டு ஊரில் ஒருவர்கூட விழிக்கவில்லை.

நான் இரண்டானேன். ஒரு பாதி நின்ற இடத்திலேயே நின்றது. இன்னொரு பாதி துளசிமணிக்கு மேலாகச் சரிந்து, அந்தப் பக்கத்துச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றது. எந்தப் பாதி நான் என்று முதலில் குழப்பமாக இருந்தது. பிறகு சரிந்த பாதிதான் நான் என்று தெரிந்துகொண்டேன். அதிலிருந்து பார்த்தால்தான் துளசிமணி தெரிந்தாள். நின்ற பாதி யாரென்று எனக்குத் தெரியவில்லை. அது நல்ல மாதிரியாகத்தான் இருக்கிறது. தொந்தரவில்லை.

காபிக்குப் பிறகு வசந்தாமணி குடத்தோடு வந்தாள். பார்த்தாள். குடத்தைத் தரையில் வைத்தாள்.

"கல்லா நின்னும் புத்தி போகல," என்றாள். "அந்த மகராசிமேல வெயிலுகூடப் படாம அமுக்கிட்டான். இவனுக்கு இனி ஒரு சொட்டுக் கெடையாது. நானும் வரமாட்டேன், ஆரும் வராதீங்க."

குடத்துத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் போனாள். அது சலசலவென்று ஓடுவதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. தெருவில் போகிறவர்கள் எங்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போகிறார்கள். மழை பெய்தால் என் முதுகில் வழிந்து அந்தப் பக்கமாகப் போய்விடுகிறது. குளிர்காலம் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறது. எங்களுக்குள் எட்டிப் பார்க்கிறது. தள்ளுவதற்கு உள்ளே ஒன்றும் கிடைப்பதில்லை. வந்ததற்குக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுகிறது.

துளசிமணிக்கு ஒரு கன்னமும் ஒரு காதும் இல்லை. மற்றபடி அப்படியே இருக்கிறாள். காய்ந்து, வெதுவெதுப்பாக இருக்கிறாள். நான் சரிந்த அன்று அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம்தான் விழித்தாள்.

"ஏனுங்க," என்றாள்.

"என்ன?"

"தோள்மேல என்னமோ பாரமா இருக்குதுங்க."

"நாந்தான்."

"நீங்களா," என்றாள் துளசிமணி. "அப்ப இருக்கட்டுங்க."